மணமுறிவும் நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமையும்

நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமை என்பது, ஐக்கிய அமெரிக்காவின் குடிமகன் ஒருவரையோ அந்நாட்டின் நிரந்தர வதிவாளர் ஒருவரையோ மணந்து அங்கு குடியேறும் வெளிநாட்டவருக்கு, மணம் நடந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடையாத நிலையில் வழங்கப்படும் வதிவுரிமை ஆகும். இதற்குரிய அட்டையும் பச்சை அட்டை என்றே அழைக்கப்படுகிறது. ஆயினும் வழக்கமான அட்டை பத்தாண்டுகளுக்குச் செல்லும். இது இரண்டே ஆண்டுகளுக்குச் செல்லும். அக்காலம் முடியுமுன் கணவன், மனைவி இருவரும் கூட்டாக விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். இடையில் மணமுறிவு ஏற்பட்டால் கூட்டு விண்ணப்பத்திற்கு வழியில்லாமற் போகிறது. அந்நிலையில் குடியேறியவரின் வதிவுரிமை என்னவாகும் என்பதை, சென்னையில் மணம் செய்துகொண்டு அமெரிக்கா செல்வோரின் நிலையை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டத்தின் தோற்றம்

1986 நவம்பர் 10 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகன் கையொப்பமிட்ட குடிவரவு மண மோசடித் திருத்தச் சட்டம் இந்நிலையை உருவாக்கியது. அதற்கு முன்பு அமெரிக்கரை மணந்தவருக்கு நேரடியாக நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. வதிவுரிமைக்காக மட்டும் செய்யப்படும் போலி மணங்கள் பெருகிவிட்டன என்றும், இத்தகைய மணங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஐயத்திற்குரியவை என்றும் அன்றைய குடிவரவுத் துறை 1985இல் செனட் குழுவின் முன் கூறியது. அக்கணக்கின் அடிப்படை வலுவற்றது என்பது பின்னர் ஒரு நீதிமன்ற வழக்கில் வெளிப்பட்டது. அதற்குள் சட்டம் நிலைபெற்றுவிட்டது.

1986ஆம் ஆண்டின் மூல வாசகம் மிகவும் கடுமையானது. மணமுறிவு பெற்றவர் விலக்குக் கோர வேண்டுமாயின், குடியேறியவரே தக்க காரணம் காட்டி மணத்தை முறித்தவராக இருக்க வேண்டும் என்று அது கூறியது. அமெரிக்கக் கணவர் முந்திக்கொண்டு மணமுறிவு வழக்குத் தொடுத்தால், எக்குற்றமும் செய்யாத மனைவி விலக்குக்கான தகுதியை இழந்தார். 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இதனை நீக்கியது. இன்று வழக்கைத் தொடுத்தவர் யார் என்பது கேள்வி அன்று. அதே 1990ஆம் ஆண்டுச் சட்டமே அடித்தல், கடும் கொடுமை ஆகியவற்றுக்கு ஆளானவருக்கான தனி விலக்கையும் சேர்த்தது.

யாருக்குப் பொருந்தும்

இவ்விடத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களிடையே பெரும் குழப்பம் காணப்படுகிறது. மணமகன் தேடும் விளம்பரங்களில் "பச்சை அட்டை உடையவர்", "எச்-1பி" போன்ற சொற்கள் தாராளமாக வருகின்றன. அவற்றின் பின்னுள்ள வேறுபாட்டைக் கேட்டறிவோர் குறைவு. மணமுறிவு நேரும்போது மனைவியின் நிலையை முடிவு செய்வது இந்த வேறுபாடுதான்.

கணவர் எச்-1பி நுழைவிசைவில் பணிபுரிபவராயின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 என்னும் சார்பு நுழைவிசைவு. இது வதிவுரிமையே அன்று. மணமுறிவு ஆணை வெளியானவுடன் சார்பு நிலைக்கான அடிப்படை அற்றுப்போகிறது. மாணவர் நுழைவிசைவு போன்ற வேறொரு நிலைக்கு முன்கூட்டியே மாறியிராவிடில் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். மேலே கூறிய விலக்குகள் எதுவும் இவருக்கு இல்லை. எச்-4 உடையோரில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதம் முதல் வேலை செய்ய இசைவு கிடைத்தது. எனினும் அந்த இசைவும் மணத்தையே சார்ந்தது.

கணவரின் நிறுவனம் வழியாகக் குடும்பமே பச்சை அட்டை பெறும் நிகழ்வு வேறு வகையானது. வேலைவாய்ப்பு வழியாகக் கிடைக்கும் அட்டையில் மனைவிக்கு நிபந்தனை ஏதும் இல்லை. அட்டை கிடைத்த பின் மணம் முறிந்தாலும் வதிவுரிமை நிலைக்கும். ஆனால் விண்ணப்பம் ஒப்புதல் பெறும் நாளன்று மணம் நிலுவையில் இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்தோருக்கு இவ்வகையில் காத்திருப்பு பத்தாண்டுகளையும் கடப்பதால், ஒப்புதலுக்குச் சில மாதங்கள் முன்பு மணம் முறிந்து, நீண்ட காலம் அந்நாட்டில் வாழ்ந்த மனைவி வெறுங்கையுடன் திரும்பும் நிலையும் உண்டாகிறது. இது சட்டத்தின் இடைவெளி என்றே கருதத் தக்கது.

நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமை மூன்றாம் வகையினருக்கு உரியது. கணவரோ மனைவியோ ஏற்கனவே அமெரிக்கக் குடிமகனாக அல்லது நிரந்தர வதிவாளராக இருந்து, மணத்தின் அடிப்படையில் துணைவரை அழைத்துச் செல்லும்போது இது எழுகிறது. முந்தைய மணத்துப் பிள்ளைகள் உடன் சென்றால் அவர்களின் வதிவுரிமைக்கும் பொதுவாக இதே நிபந்தனை பொருந்தும்.

இரண்டு ஆண்டுகள் கணக்கிடப்படும் முறை

கணக்கில் கொள்ளப்படும் நாள்கள் இரண்டு: மணம் நடந்த நாள், வதிவுரிமை பெற்ற நாள். வெளிநாட்டிலிருந்து செல்பவருக்கு அந்நாட்டு விமான நிலையத்தில் அனுமதிக்கப்படும் நாளே வதிவுரிமை பெற்ற நாளாகும். விண்ணப்பித்த நாளோ, நேர்காணல் நாளோ, நுழைவிசைவு பதியப்பட்ட நாளோ கணக்கில் வாரா.

எடுத்துக்காட்டாக, 2021 செப்டம்பரில் மயிலாப்பூரில் மணம் செய்துகொண்ட ஒரு பெண் 2023 மார்ச்சில் அமெரிக்காவில் நுழைகிறார் எனக் கொள்வோம். மணமாகிப் பதினெட்டு மாதங்களே ஆகியுள்ளதால் அவர் நிபந்தனைக்குட்பட்ட வதிவாளர். அட்டை 2025 மார்ச் வரை செல்லும். அதே பெண் 2023 அக்டோபரில் நுழைந்திருந்தால் மணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். பத்தாண்டு அட்டை கிடைத்திருக்கும். பின்னர் நேரும் மணமுறிவால் மட்டும் அவருடைய வதிவுரிமை பறிபோகாது. ஏழு மாத வேறுபாடு இவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது. நுழைவிசைவில் நிபந்தனைக்குரிய குறியீடு இடப்பட்டிருந்தாலும், நுழையும் நாளில் இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்திருந்தால் நிபந்தனையின்றி அனுமதிக்கப்பட வேண்டும்.

நிபந்தனை நீக்க விண்ணப்பத்தின் படிவ எண் ஐ-751. கூட்டாக விண்ணப்பிப்போர் அட்டை காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 90 நாள்களுக்குள் இதனை அளிக்க வேண்டும். மேற்கண்ட முதல் எடுத்துக்காட்டில் இந்தக் காலம் 2024 டிசம்பரில் தொடங்கும். எந்த விண்ணப்பமும் அளிக்கப்படாவிடில் வதிவுரிமை தானாகவே முடிவுக்கு வரும். நாடு கடத்தும் நடவடிக்கையும் தொடங்கலாம். உரிய காலத்தில் அளித்தால், முடிவு வரும் வரை பழைய அட்டையும் பெறுகைச் சீட்டும் சேர்ந்து சான்றாகும். இந்த நீட்டிப்பு 2023 சனவரியில் 48 மாதங்களாக உயர்த்தப்பட்டது.

மணமுறிவுக்குப் பின்: விலக்குகள்

மணமுறிவு ஏற்பட்டவுடன் வதிவுரிமை பறிபோய்விடும் என்ற எண்ணம் தவறானது. இத்தவறான எண்ணமே பல குடும்பங்களில் மிரட்டலுக்குரிய கருவியாகவும் பயன்படுகிறது. கூட்டு விண்ணப்பம் என்னும் கட்டாயத்திலிருந்து விலக்குக் கோரிக் குடியேறியவர் தனியாகவே ஐ-751 படிவத்தை அளிக்கலாம்.

அவற்றுள் பெரிதும் பயன்படுவது நன்னம்பிக்கை மண விலக்கு. மணம் உண்மையான எண்ணத்துடன் செய்யப்பட்டது, ஆனால் முறிந்துவிட்டது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். மணம் முடித்தபோது இருவரும் சேர்ந்து வாழ்வை அமைத்துக்கொள்ள எண்ணினரா என்பதே கேள்வி. பின்னர் பிரிந்தது மட்டுமே போலி மணத்திற்குச் சான்றாகாது என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975இலேயே தீர்ப்பளித்துள்ளது. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கூட்டு வரி அறிக்கை, காப்பீட்டில் துணைவர் பெயர் ஆகியவை வழக்கமான சான்றுகள். சில மாதங்களே சேர்ந்து வாழ்ந்தவரிடம் இவை அதிகம் இரா. அத்தகையோருக்குப் பெற்றோர் பார்த்து முடித்த மணத்தின் தடயங்கள் கைகொடுக்கும். சாதகப் பரிமாற்றம், நிச்சயதார்த்த ஒளிப்படங்கள், அழைப்பிதழ், மண்டப முன்பதிவுச் சீட்டு, இரு குடும்பத்தாரின் பயணச்சீட்டுகள் முதலியன மணத்தின் தொடக்க எண்ணத்தைக் காட்டுகின்றன. பெண் பார்த்து ஒரு வாரத்தில் நிச்சயம் செய்யும் வழக்கம் அயல்நாட்டு அதிகாரிக்கு வியப்பளிக்கலாம்; ஆகவே அவ்வழக்கத்தை உறுதிமொழி ஆவணத்தில் விளக்கி எழுதுவது பயன் தரும். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் சான்றும் இணைக்கப்பட வேண்டும்.

கொடுமைக்கு ஆளானவருக்கான விலக்குக்கு மணமுறிவு ஆணை தேவையில்லை. கணவருடன் சட்டப்படி மணவாழ்வில் இருக்கும்போதே இதனைக் கோரலாம். உடலளவிலான தாக்குதல் மட்டுமன்றி, அச்சுறுத்தி அடக்கி வைத்தல் போன்ற மனவழிக் கொடுமையும் இதில் அடங்கும். மூன்றாவது, நாடு கடத்தப்பட்டால் நேரும் மிகு இடரைக் காட்டிப் பெறும் விலக்கு. ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படைகளைக் குறிப்பிடலாம். விலக்கு விண்ணப்பங்களுக்கு 90 நாள் கட்டுப்பாடு இல்லை. நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமை பெற்ற பின் எப்போதும் அளிக்கலாம். துணைவர் இறந்துவிட்டாலும் தனியாக விண்ணப்பிக்க வழி உண்டு.

வெறும் பிரிவு மணமுறிவு ஆகாது என்பதும் கவனிக்கத் தக்கது. பிரிந்து வாழும் தம்பதியர் இருவரும் கையொப்பமிட இசைந்தால் கூட்டு விண்ணப்பம் இன்னும் செல்லும். கணவர் கையொப்பமிட மறுத்து, மணமுறிவும் இன்னும் கிடைக்காத இடைநிலையே மிகவும் இக்கட்டானது.

சென்னையில் மணமுறிவும் காலக் கணக்கும்

நன்னம்பிக்கை விலக்குக்கு இறுதி மணமுறிவு ஆணை தேவை. வழக்கு நிலுவையில் உள்ளது என்பது போதாது. அதனால் அட்டையின் இரண்டாண்டுக் காலமும் நீதிமன்றத்தின் வேகமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்து திருமணச் சட்டம், 1955இன் 14ஆம் பிரிவின்படி மணமாகி ஓராண்டு நிறையுமுன் பொதுவாக மணமுறிவு மனு அளிக்க இயலாது. 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு இருவர் இசைவுடன் மணமுறிவு பெற வழி செய்கிறது. இதற்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு அளித்த பின் மேலும் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க நேர்வுகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் கூறியது. கிறித்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஏ பிரிவு, அதன் வாசகப்படி, இரண்டு ஆண்டுப் பிரிவைக் கேட்கிறது.

முந்தைய எடுத்துக்காட்டில் உள்ள பெண்ணும் கணவரும் 2023 சூனில் பிரிந்தனர் எனக் கொண்டால், இசைவு மனு 2024 சூனில்தான் அளிக்க முடியும். ஆறு மாதம் கழித்து, 2024 டிசம்பரில் இரண்டாம் கட்ட விசாரணை. 2025 தொடக்கத்தில் ஆணை. அட்டை முடிவது 2025 மார்ச். எல்லாம் தடையின்றி நடந்தாலும் இடைவெளி சில வாரங்களே. கணவர் இசையாமல் 13ஆம் பிரிவின் கீழ் வழக்காடினால் ஆண்டுகள் பல ஆகலாம்.

சென்னையின் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகின்றன. மணம் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ நடந்திருந்தால், தம்பதியர் இருவரும் கலிபோர்னியாவில் வசித்தாலும் இங்கு மனு அளிக்கலாம்; ஏனெனில் மணம் நடந்த இடத்தின் நீதிமன்றத்திற்கு 19ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. எதிர்த்தரப்பினர் இந்தியாவிற்கு வெளியே இருந்தால் மனுதாரர் வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே மனு அளிக்கும் உரிமையைச் சேர்த்தது. பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்களுக்கு இது பெரிதும் உதவுகிறது.

அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் பொதுவாக விரைவானவை. கலிபோர்னியாவில் ஆறு மாதக் காத்திருப்பும், டெக்சாசில் 60 நாள் காத்திருப்பும் உண்டு. இரு மாநிலங்களிலும் வழக்குத் தொடுப்பவருள் ஒருவர் ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும். குற்றம் காட்டத் தேவையில்லை. எனவே காலம் நெருங்கும்போது அமெரிக்காவிலேயே மணமுறிவு பெறுவது வதிவுரிமைக்கு எளிதான வழியாகத் தோன்றும். அந்த ஆணையைக் குடிவரவுப் பணித்துறை ஏற்கும். சென்னை ஏற்குமா என்பது வேறு கேள்வி.

ஒரு நாட்டில் முறிந்து மறு நாட்டில் நிலைக்கும் மணம்

இதில் முதன்மையான தீர்ப்பு, இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் வழங்கிய ஒய். நரசிம்மராவ் எதிர் ஒய். வெங்கடலட்சுமி வழக்கு ஆகும். 1975இல் திருப்பதியில் நடந்த மணத்தை, கணவர் மிசௌரி மாநில நீதிமன்றம் ஒன்றில் 1980இல் பெற்ற ஆணையால் முறித்துக்கொண்டு மறுமணம் செய்தார். மனைவி அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்திற்கு உட்படவில்லை. அந்த ஆணை இந்தியாவில் செல்லாது என உச்ச நீதிமன்றம் கூறியது. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தின் மீது, அச்சட்டப்படி அதிகாரமற்ற நீதிமன்றம் வழங்கியது என்பதே அடிப்படை. விதிவிலக்குகளையும் நீதிமன்றம் வகுத்தது. எதிர்த்தரப்பினர் நிலையாக வசிக்கும் இடத்தில், மணத்திற்குரிய சட்டம் ஏற்கும் காரணத்தின் மீது வழங்கப்பட்டாலோ, அவர் தாமாக முன்வந்து அத்தகைய காரணத்தின் மீது வழக்காடியிருந்தாலோ, ஆணைக்கு இசைந்திருந்தாலோ அது ஏற்கப்படும்.

இதன் விளைவு நடைமுறையில் கடுமையானது. எதிர்த்தரப்பின்றி அமெரிக்காவில் மணமுறிவு பெற்றவர் அங்கு தனியர். இங்கு இன்னும் மணமானவர். அந்நிலையில் சென்னைக்கு வந்து மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றச்சாட்டு எழலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 494ஆம் பிரிவில் இருந்த இக்குற்றம் 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் உள்ளது. ஆகவே அமெரிக்க நீதிமன்றத்தில் இருவரும் தோன்றி, எழுத்தில் இசைவு அளித்துப் பெறும் ஆணையே இரு நாடுகளுக்கும் ஏற்ற வழியாகும்.

ஊருக்கு அனுப்பப்பட்ட மனைவி

"சில வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா" என்று மனைவியைச் சென்னைக்கு அனுப்பி, அட்டையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அவர் இல்லாதபோது மணமுறிவு வழக்குத் தொடுக்கும் கணவர்கள் உண்டு. இந்நிலையில் முதலில் அறிய வேண்டியது, அட்டை தொலைந்தாலும் பறிக்கப்பட்டாலும் வதிவுரிமை தொலைவதில்லை என்பதாகும். திரும்பிச் செல்ல அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வழியாகப் பயண ஆவணம் கோரலாம். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் திரும்புதல் மிகவும் கடினமாகிறது. வெளிநாட்டில் இருந்தபடியே ஐ-751 அளிக்க விதி இடம் தருகிறது; ஆனால் நேர்காணலுக்கு அமெரிக்கா சென்றாக வேண்டும்.

தேசிய மகளிர் ஆணையம் 2009 முதல் வெளிநாடு வாழ் இந்தியர் மணங்கள் தொடர்பான புகார்களுக்குத் தனிப் பிரிவை நடத்தி வருகிறது. அமெரிக்காவில் நியூ செர்சியின் மானவி (1985), நியூயார்க்கின் சகி (1989), கலிபோர்னியாவின் மைத்ரி (1991) ஆகிய தெற்காசிய மகளிர் அமைப்புகள் இத்தகையோருக்கு உதவுகின்றன. இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் அளித்த 287ஆம் அறிக்கை, வெளிநாடு வாழ் இந்தியருடனான மணங்களுக்கு விரிவான சட்டமும் கட்டாயப் பதிவும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் மணப்பதிவு ஏற்கனவே கட்டாயம். 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 7ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் சட்டப்படி செல்லும் மணமாதலால் குடிவரவுக்கும் செல்லும்.

பிற விளைவுகள்

அமெரிக்கரை மணந்து அவருடன் வாழ்பவர் மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மணமுறிவுடன் இச்சலுகை நீங்கி, ஐந்தாண்டு என்னும் பொது விதி பொருந்தும். நிபந்தனைக்குட்பட்ட காலமும் அந்த ஐந்தாண்டில் சேரும்.

துணைவரை அழைத்தவர் கையொப்பமிடும் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழி மணமுறிவால் முடிவதில்லை. வறுமைக் கோட்டின் 125 விழுக்காடு அளவுக்குக் குடியேறியவரைத் தாங்குவதாக அவர் அளித்த வாக்கு, குடியேறியவர் குடியுரிமை பெறும் வரையோ, 40 காலாண்டு வேலை கணக்கில் சேரும் வரையோ, வதிவுரிமையைத் துறந்து நாட்டை விட்டு நிலையாக வெளியேறும் வரையோ, இருவருள் ஒருவர் இறக்கும் வரையோ தொடரும். மணமுறிவு வழக்குகளில் இதனை எழுப்பத் தவறுவோர் பலர்.

மணத்தின் வழியாக வதிவுரிமை பெற்ற ஒருவர், மணமுறிவுக்குப் பின் இந்தியாவில் மறுமணம் செய்து புதிய துணைவரை அழைக்க விரும்பினால், வதிவுரிமை பெற்று ஐந்தாண்டுகள் ஆகும் வரை தடை உண்டு. முதல் மணம் உண்மையானது என்பதைத் தெளிவான சான்றால் மெய்ப்பித்தால் அத்தடை நீங்கும். போலி மணம் என முடிவானால் பின்னர் எந்தக் குடும்ப, வேலைவாய்ப்பு மனுவும் ஏற்கப்படாது. ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

விலக்கு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் குடிவரவு நீதிபதியின் முன் மீண்டும் முறையிடலாம். தகுதி இருப்பதாகத் தோன்றும் விலக்கு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாடு கடத்தல் வழக்கை ஒத்திவைக்க வேண்டும் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1999இல் முடிவு செய்தது. இறுதி வெளியேற்ற ஆணை வரும்வரை, மணமுறிவு ஆணை கிடைத்தவுடன் புதிய விலக்கு விண்ணப்பத்தை அளிக்கலாம்.

பிற நாடுகளில்

தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடா, அமெரிக்காவைப் பின்பற்றி 2012 அக்டோபர் 25 முதல் இரண்டாண்டு சேர்ந்து வாழும் நிபந்தனையை விதித்தது. கொடுமைக்கு ஆளாகும் துணைவர்கள் வதிவுரிமையை இழக்க அஞ்சி வாய்திறவாமல் இருக்கின்றனர் என்ற எதிர்ப்பு எழுந்தது. 2017 ஏப்ரலில் அந்நாடு அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஐக்கிய இராச்சியம் எதிர்த்திசையில் சென்றது. அங்கு துணைவருக்கான இரண்டாண்டுச் சோதனைக் காலம் 2012 சூலையில் ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் குடும்ப வன்முறையால் மணம் முறிந்தோர் அக்காலம் முடியுமுன்னரே நிரந்தர வதிவுரிமை கோர அந்நாட்டு விதிகள் 2002 முதல் இடம் தருகின்றன.